நாலாவது தட்டு

போன வாரம் நம் பள்ளிக்கூட குரூப்பில் ஒருத்தி ஒரு வீடியோ போட்டிருந்தாள். எந்த நாடோ தெரியவில்லை, தாடி வைத்த ஒரு பையன் தன் வீட்டு மாடி அறையில் பழைய மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு தானே ரெக்கார்டு வெட்டுகிறான். கறுப்புத் தட்டு சுற்றுகிறது, ஊசி கோடு இழுக்கிறது, தலைமுடி மாதிரி மெல்லிசாக ஒரு நூல் எழும்பி வருகிறது. எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். "சூப்பர்" என்று ஏழு பேர். அதற்குக் கீழே ஒருத்தர் எழுதியதைத்தான் ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். "உங்க ஊட்லயும் இத்த மாதிரி ஒண்ணு இருந்துச்சே, உங்க அண்ணன் மில்லுல இருந்து தள்ளிக்கினு வந்தது?" என்று கேட்டு, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை.

எழுதியவருக்கும் என் வயசுதான். பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. கெட்ட மனசோடு கேட்டிருக்க மாட்டார். அப்போது காதில் விழுந்தது அப்படியே தங்கிவிட்டது, அவ்வளவுதான். எனக்குத்தான் விட முடியவில்லை. பதில் அடிக்க உட்கார்ந்தால் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடங்குகிற விஷயமாக இல்லை. அதனால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் தினமும் அனுப்புகிற காலை வணக்கப் பூக்களையெல்லாம் நான் பொறுமையாகப் பார்க்கிறேன் இல்லையா.

ஆமாம், தள்ளிக்கொண்டுதான் வந்தான். சைக்கிளில் வைத்து, பட்டப்பகலில், நைனாவும் அண்ணனும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் வரிசையாக எட்டு வீடு இருந்த லைனில் எங்களுடையது கடைசி. நைனா ஒரு கம்பெனியில் டர்னர், லேத்தில் நின்று இரும்பு கடைகிற வேலை. அண்ணன் இரும்பு உருக்கிக் கம்பி இழுக்கிற மில்லில் தினக்கூலி. லாரி லாரியாக வந்து கொட்டுகிற பழைய இரும்பைப் பிரித்துப் போட வேண்டும். வருகை நோட்டில், அதாவது மஸ்டரில், அவன் பெயர் கிடையாது. வா என்றால் போக வேண்டும், இல்லை என்றால் வீட்டில் இருக்க வேண்டும்.

நைனாவுக்கு ஒரே ஆசை, வீட்டில் சொந்தமாக ஒரு சின்ன லேத்து போட வேண்டும் என்பது. அது அண்ணனுக்குத் தெரியும். ஒரு நாள் சாயங்காலம் சட்டையெல்லாம் துருவோடு ஓடி வந்தான்.

"நைனா, ஸ்கிராப்புல ஒரு லேத்து வந்துகீது. சின்னது, பொட்டியோட. மெட்ராஸ்ல இன்னாவோ கம்பெனிய மூடிட்டாங்களாம், அங்கருந்து வந்த லோடு."

"லேத்துன்னு உனக்கு எவன்டா சொன்னான்?"

"பொட்டி மேல இங்கிலீஷ்ல போட்டுகீது. எய்த்துக் கூட்டிப் பாத்தேன் நைனா, லேத்துதான்."

மறுநாள் நைனா போய் எடைக்கு எடுத்தார். மில் ஆபீசில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், கேட்டில் காட்டிவிட்டு வெளியே கொண்டுவந்தார்கள். அந்தச் சீட்டை அண்ணன் நாலாக மடித்துத் தன் பர்சில் வைத்துக்கொண்டான். இந்தச் சீட்டை நினைவில் வையுங்கள்.

பெட்டியைத் திறந்தால் இரும்பு கடைகிற லேத்து இல்லை. ஒரு வட்டத் தட்டு, அதற்குமேல் குறுக்கே நீளமாக ஒரு திருகு, திருகில் தொங்குகிற ஒரு குமிழ், அடியில் வால்வு வைத்த ரேடியோ மாதிரி ஒரு சமாச்சாரம், ஒரு மைக். நைனா மூடியை மறுபடி சாத்திவிட்டார். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பெட்டியில் போட்டிருந்தது பொய்யில்லை, அதற்கும் பெயர் லேத்துதான் என்று எங்களுக்குச் சொன்னது கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற மைக்செட் கடைக்காரர். "இது ரெக்கார்டு வெட்ற லேத்து டர்னரே. இரும்பு வெட்டாது, பேச்ச வெட்டும்" என்றார். நைனா பிறகுதான் அந்த நீளத் திருகை விரலால் தடவிப் பார்த்தார். "மரையப் பாருடா, எவ்ளோ நைசு" என்று அண்ணனிடம் சொன்னார். அப்போதே அவர் மனசு மாறிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

பெட்டிக்குள் ஒரு தகர டப்பாவில் வெட்டாத தட்டுகள் நாலு இருந்தன. அலுமினியத் தகட்டின் மேல் ஒரு பக்கம் மட்டும் கறுப்புப் பூச்சு. நெயில் பாலிஷ் வாசனை அடிக்கும். மைக்செட் கடைக்காரர் வால்வுகளைச் சரிபார்த்துக் கொடுத்தார். நைனா கம்பெனியில் தேய்ந்துபோன டூலை எடுத்துவந்து கல்லில் தீட்டித் தீட்டி வெட்டு ஊசி செய்தார். அண்ணன்தான் மெஷினை ஓட்டுவான். அந்தக் கோடைக்கு எங்கள் வீட்டில் சினிமா, திருவிழா எல்லாம் அதுதான்.

முதல் தட்டு வீண். கோடு மேல் கோடு ஏறிவிட்டது. இரண்டாவதில் நைனாவைப் பேசச் சொன்னான் அண்ணன். மைக்குக்கு முன்னால் என்ன பேசுவது என்று தெரியாமல் அவர், "இருபத்தஞ்சு எம்மெம் ராடு. அதுல ரெண்டு எம்மெம் கொறச்சா இருபத்தி மூணு" என்று வேலைக் கணக்கைச் சொன்னார். மூன்றாவதில் அம்மா. "எனக்கு இன்னாத்த பேசணும்னு தெர்லடா, அடுப்புல கொயம்பு கீது, உடு" என்றாள், அதுவே பதிவாகிவிட்டது. அதைப் போட்டுக் கேட்டு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மெஷின் பக்கத்தில் நின்றவன் என்பதால் அண்ணனுடைய குரல் எந்தத் தட்டிலும் இல்லை. அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

வெட்டும்போது வருகிற கறுப்பு நூலை அண்ணன் வாயால் ஊதி ஊதித் தள்ளுவான். நெருப்பு பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும் என்று நைனா அதைத் தண்ணீர் வாளியில் போடச் சொல்வார். என் துணிப் பொம்மைக்குத் தலைமுடி வைக்க அதில் ஒரு பிடி எடுத்து ஒளித்துவைத்தேன். எங்கள் வீட்டில் திருடியது நான் ஒருத்திதான்.

கேட்பதற்கு, மைக்செட் கடைக்காரர் தன் பழைய கைச்சாவி கிராமபோனைக் கொடுத்திருந்தார். கூடவே ஒரு கண்டிஷன். கடை ரெக்கார்டுக்கு வைக்கிற இரும்பு ஊசியை இந்தத் தட்டுக்கு வைக்கக் கூடாது, பூச்சைச் சுரண்டிவிடும், முள்தான் வைக்க வேண்டும். நைனா ரயில் பாதை ஓரம் போய் வேலிக்கருவை முள்ளாகப் பார்த்து ஒடித்து, காயவைத்து, ஒரு கண்ணாடி புட்டியில் போட்டுவைத்தார். முள்ளில் சத்தம் கம்மி. காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்க வேண்டும்.

நாலாவது தட்டு எனக்கு. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் நான் பாடின பாட்டை அதில் பிடிப்பதாக அண்ணன் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தோம். சனிக்கிழமை முழுக்க நான் தண்ணீரைக்கூடக் காய்ச்சித்தான் குடித்தேன், தொண்டை கட்டிவிடும் என்று.

ஞாயிறு காலையில் பார்த்தால் அண்ணன் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறான். மில் லீவுதான், ஆனால் சூப்பர்வைசர் வரச் சொல்லிவிட்டாராம், கூரையில் ஏதோ ஓடு மாற்ற வேண்டுமாம். அம்மா முந்தின நாள் மீன் குழம்பை ஊற்றிச் சோறு கட்டிக் கொடுத்தாள்.

"மத்தியானம் வந்துடுவேன்டி குள்ளச்சி. வந்து புடிச்சிடலாம்."

"நீ எப்பப் பாத்தாலும் இப்டித்தான். போ. நீ வரவே வேணாம்."

இதை நான் சொன்னேன். பன்னிரண்டு வயசுக் கோபம், அதில் ஒன்றும் இல்லை என்று என் பிள்ளைகள் சொல்வார்கள். இருக்கட்டும். சொன்னது நான்தான்.

ஆஸ்பெஸ்டாஸ் ஓடு உடைந்து கீழே விழுந்தான். எவ்வளவு உயரம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்தது ஆள்தான், செய்தி சொல்ல. அதற்குமேல் அந்த நாளை நான் எழுதப்போவதில்லை.

காரியம் முடிந்த பிறகுதான் போலீஸ் எழுதிக் கொடுத்த காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தது. நைனாவுக்குப் படிக்க வராது. நான்தான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். விடுமுறை நாளில், மூடியிருந்த மில்லுக்குள், காப்பர் கம்பி திருடும் நோக்கத்துடன் சுவர் ஏறிக் குதித்து, கூரை வழியாக இறங்க முயன்றபோது தவறி விழுந்து மரணம். இதுதான். 'நோக்கத்துடன்' என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் நான் திரும்ப வாசித்தேன். நைனா "போதும் கண்ணு" என்றார். அம்மா மட்டும் கேட்டாள், "திருடப் போறவன் சோறு கட்டிக்கினு போவானா?" அவள் அதற்கப்புறம் பாயை விட்டு அதிகம் எழுந்திருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அந்த டிபன் டப்பாவும் திரும்பி வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் நடந்தது உங்களுக்கே தெரியும். "திருடன் தங்கச்சி" என்பது முதலில் முதுகுக்குப் பின்னால், அப்புறம் முன்னால். வகுப்பில் ஒருவருடைய ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனபோது ஐம்பது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அது பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. யாருடைய பாக்ஸ் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், அவரும் குரூப்பில் இருக்கிறார்.

நைனா மனு எழுதினார். அதாவது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பணம் எதுவும் கேட்கவில்லை, அந்த ஒரு வரியை அடித்துவிட வேண்டும் என்றுதான் கேட்டோம். எந்த ஆபீஸ், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு பெரிய ஆபீஸ். முதல் முறை நைனா தனியாகப் போய்விட்டு வந்தார். அண்ணன் போனதற்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு பார்த்தேன்.

"அதிகாரி நல்ல மன்சன். வாயால சொன்னா நிக்காது, ரெக்கார்டு இருந்தா கொண்டான்னாரு. ரெக்கார்டு இருந்தா மாத்திடலாமாம்."

நீங்கள் புரிந்துகொண்டீர்கள். எனக்கு அப்போது புரியவில்லை, நைனாவுக்கும் புரியவில்லை. வீட்டு மூலையில் ரெக்கார்டு வெட்டுகிற மெஷின் இருந்த மனிதரிடம் போய் ரெக்கார்டு கொண்டா என்றால் அவர் என்ன நினைப்பார். அவர் வாழ்க்கையில் கையால் தொட்ட ரெக்கார்டு அது ஒன்றுதான்.

உண்மை தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார், மில் வாட்ச்மேன். ஆந்திரா பக்கத்துக்காரர், வயசானவர், நெஞ்சுச் சளியோடு இருமிக்கொண்டே இருப்பார். கேட்டைத் திறந்து அண்ணனை உள்ளே விட்டது அவர்தான். ஆபீசுக்கு வந்து சாட்சி சொல்ல மாட்டேன், கைநாட்டும் வைக்க மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். மில்லில் கொடுத்த ரூமில்தான் அவர் குடியிருந்தார். ஆனால் இந்த மாதிரி ஒரு மெஷின் இருக்கிறது, அதில் நடந்ததைச் சொன்னால் போதும் என்றதும் யோசித்தார்.

"பேசினா மட்டும் போதுமா? கையெய்த்து கேக்க மாட்டாங்களே?"

"கேக்க மாட்டாங்க. பேசினா போதும்."

மைக்செட் கடைக்காரர் நைனாவிடம், எதற்கு இந்தப் பேஜாரு, கேசட்டில் பிடித்துக்கொள்ளலாமே, என்னிடம் டேப் இருக்கிறது, தருகிறேன் என்றார். நைனா ஒத்துக்கொள்ளவில்லை. "டேப்புன்னா அத்த அழிச்சிட்டு மேலயே வேற பேசிடுவான். தட்டு அப்டியில்ல. வெட்டினா வெட்டினதுதான்" என்றார். முப்பது வருஷம் இரும்பை வெட்டின மனிதருக்கு அதில் சந்தேகமே இல்லை.

வெட்டாத தட்டு ஒன்றுதான் மிச்சம். நைனா தகர டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, உன் தட்ட எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் கேட்காமலே எடுத்திருக்கலாம். கேட்டார்.

வாட்ச்மேன் ராத்திரி டியூட்டி முடித்துக் காலையில் வந்தார். ஜன்னலைச் சாத்தி, துணி அடைத்து, பக்கத்து வீடுகளில் எல்லாம் சத்தம் போட வேண்டாம் என்று சொல்லிவைத்து, ரயில் போனபிறகு மோட்டாரைப் போட்டார் நைனா. அண்ணன் நிற்கிற இடத்தில் அவர் நின்று நூலை ஊதினார். நான் அடுப்படி வாசலில் நின்றேன். மூன்று நிமிஷம் கூட இருக்காது. வாட்ச்மேன் டீ குடிக்காமல் கிளம்பிவிட்டார். அடுத்த வாரம் வேலையையும் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அங்கே அந்த மழைக்காலத்திலேயே செத்துப்போனார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

நைனா முள் வைத்து ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்தார். எல்லாம் கேட்டது. துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். ஆபீசில் சொன்ன நாளுக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது.

இனிமேல் எழுதப்போவது இதுவரை யாருக்கும் சொல்லாதது. என் வீட்டுக்காரருக்கும் சொல்லவில்லை.

வாட்ச்மேன் பேசினதில், அண்ணன் கேட்டில் நின்று என்னைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை இருந்தது. அதைக் கேட்க வேண்டும் போல இருந்தது எனக்கு. நைனா வேலைக்குப் போனதும், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், தட்டை எடுத்துப் போடுவேன். முள்ளில் சத்தம் போதவில்லை. ரயில் போகும், மில்லில் இரும்பு கொட்டுவார்கள், அந்த வார்த்தை வருகிற நேரத்தில் சரியாக ஏதாவது வந்து மறைக்கும். கிராமபோன் பெட்டியிலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் இரும்பு ஊசிகள் இருந்தன. ஒன்றை எடுத்து மாட்டினேன். வாட்ச்மேன் அறைக்குள்ளேயே நின்று பேசுகிற மாதிரி கேட்டது.

நடுவில் ஊசியை இறக்கினால் கீறல் விழும் என்று நைனா சொல்லியிருந்தார். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் நான். அதனால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து வைத்தேன், கடைசி வரை ஓடவிட்டேன். கேட்டு முடித்ததும் இரும்பு ஊசியைக் கழற்றி முள்ளை மாட்டிவிடுவேன்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் தட்டு முடிந்து நான் மூடியைச் சாத்தப் போனேன். சுவரைப் பார்த்தபடியே, "இன்னொரு தபா வெய்டி" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேருமாகக் கேட்டோம். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. அண்ணன் கடைசியாகப் பேசினது அதில்தான் இருந்தது, வேறொரு மனிதர் குரலில்.

தட்டு தேய்வது தெரியவில்லையா என்று கேட்பீர்கள். தெரியவில்லை. ஊசி மழுங்கிவிட்டது என்று நினைத்துப் புது ஊசி மாற்றினேன். அதற்குள் எனக்கு மொத்தமும் மனப்பாடம். தட்டில் இல்லாவிட்டாலும் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மனுவை வாசித்துக் காட்ட ஆள் வேண்டும் என்று நைனா என்னையும் அழைத்துப் போனார். கிராமபோன் பெட்டியை அவர் தூக்கிக்கொண்டார், தட்டை நான் மடியில் வைத்துக்கொண்டேன். அதிகாரி, ஒரு கிளார்க், மில் ஆபீசிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர். அதிகாரி மேசையில் ஃபைல்களை ஒதுக்கி இடம் விட்டார். நைனா பெட்டியை வைத்து மூடியைத் திறந்தார்.

இரும்பு ஊசி மாட்டியபடியே இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் நைனா சீக்கிரம் வந்துவிட்டார், நான் அவசரமாக மூடியைச் சாத்தியிருந்தேன்.

நைனா அந்த ஊசியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான். திருகைத் தளர்த்தி ஊசியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புட்டியிலிருந்து ஒரு முள்ளை எடுத்து மாட்டினார். சாவி கொடுத்தார், தட்டை வைத்தார், முள்ளை இறக்கினார்.

தகரத்தில் மணல் கொட்டுகிற மாதிரி சத்தம். அதற்குள் எங்கேயோ இருமல் ஒன்று கேட்டது. "கேட்டு" என்று ஒரு வார்த்தை. அப்புறம் மணல்தான். மூன்று நிமிஷமும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கிளார்க் மட்டும் குனிந்து சிரித்தார்.

"இன்னாய்யா இது?" என்றார் அதிகாரி.

"ரெக்கார்டு சார். நீங்க கேட்ட ரெக்கார்டு."

அதிகாரிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "நான் கேட்டது பேப்பருய்யா. மஸ்டர்ல பேரு, கேட் பாஸு, சம்பளச் சீட்டு. அத்ததான் ரெக்கார்டுன்றது" என்றார். திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"இதுல ஆளு பேசினாரு சார். நல்லா கேட்டுச்சு. வெட்டு ஆழம் பத்தல, அதான். என் தப்புதான் சார்."

என் தப்புதான் என்று அவர் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை.

வெள்ளைச் சட்டைக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "சார், இத்த வெட்ன மெஷினே எங்க ஸ்கிராப்புல இருந்து போனது. அதுக்கு இவங்ககிட்ட ரெக்கார்டு கீதான்னு கேளுங்க." சீட்டு இருந்தது. அண்ணன் பர்சில் இருந்தது. அந்தப் பர்ஸ் எங்களுக்குத் திரும்பி வரவில்லை. நைனா, "சீட்டு இருந்துச்சு சார்" என்றார். அதிகாரி, "சரி, அத்த கெளறாதீங்க" என்று மனுவை மூடிவிட்டார். அந்த வரி அப்படியே நின்றது.

பஸ்ஸில் நைனா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், பசிக்கிறதா என்று. இல்லை என்றேன். இருபத்தாறு வருஷம் கழித்து அவர் சாகும் வரைக்கும் அந்த ஊசியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எத்தனையோ நாள் வாய் வரைக்கும் வந்தது. ஒரு அடியாவது அடித்திருக்கலாம் அவர்.

மறுநாள் காலையில் நைனா ஒரு காரியம் செய்தார். ரோஷத்தில் செய்தது. மெஷினைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் மில் கேட்டுக்கு முன்னால் இறக்கிவைத்துவிட்டு வந்தார். ஷிப்டு மாறுகிற நேரம், தொழிற்பேட்டையே பார்த்தது. எங்களுக்கு உங்கள் இரும்பே வேண்டாம் என்று அவர் சொன்ன மாதிரி அவருக்கு. திருடினதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று ஊருக்கு. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சாப்பாட்டு நேரத்தில் பேசியது இதைத்தான். நீங்கள் காதில் வாங்கியதும் இதுதான்.

அந்த நாலாவது தட்டு என்ன ஆனது என்று தெரியவில்லை. வீடு மாறினோம், காக்களூருக்குப் போனோம், இப்போது நான் திருநின்றவூரில் பிளாட்டில் இருக்கிறேன், எங்கேயோ தொலைந்துவிட்டது. என்னிடம் சிலர் ஆறுதலாகச் சொல்லலாம், தட்டு கேட்டிருந்தாலும் அந்த அதிகாரி ஒத்துக்கொண்டிருக்க மாட்டார் என்று. எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். அந்த அறையில் எங்களைத் தவிர மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேர் காதிலாவது விழுந்திருக்கும். நான் விழவிடாமல் செய்துவிட்டேன்.

ஆனால் எனக்கு மனப்பாடம். பேத்தி பெயர் சமயத்தில் மறந்துபோகிறது, இது மறக்கவில்லை. வாட்ச்மேன் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதுகிறேன். குரூப்பில் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறீர்கள். படியுங்கள்.

"பேசலாமா? ஓடுதா? சரி. நான் மில்லு கேட்ல வாட்ச்மேன். அன்னிக்கி ஞாயித்துக்கெயம, காலைல எட்டு மணி இருக்கும். டர்னரு பையன் வந்தான். செவுரு ஏறல. கேட்டுக்குத்தான் வந்தான். நான்தான் சின்னக் கதவத் தொறந்து உட்டேன். மொத நாளே சூப்பர்வைசரு சொல்லி வெச்சாரு, பையன் வருவான், கூரைல ஓடு மாத்தணும், உள்ள உடுன்னு. நோட்டுல எய்தட்டுமான்னு கேட்டேன். ஞாயித்துக்கெயம வேலைய எய்தாதன்னாரு. பையன் கைல டிபன் டப்பா இருந்துச்சு. தூக்கிக் காட்னான். நேத்து மீன் கொயம்பு தாத்தா, ஒனக்கும் சேத்துத்தான் அம்மா குட்துதுன்னான். அப்பால கேட்டான், சீக்கிரம் உட்டுடுவாங்களா தாத்தா, தங்கச்சி கோச்சிக்கினு கீது, மத்தியானம் அது பாட்ட புடிக்கணும்னான். போப்பா, சுருக்கா முடிச்சிட்டு வந்துருன்னு நான்தான் உள்ள அனுப்சேன். பதினோரு மணிக்கா சத்தம் கேட்டுச்சு. போய்ப் பாத்தேன். மேல ஓட்டுல ஓட்ட. கீய கெடந்தான். சூப்பர்வைசரு டப்பாவ எடுத்துக்கினாரு. நீ ஒண்ணும் பாக்கல, கேட்டுக்குப் போன்னாரு. போய்ட்டேன் டர்னரே. எனக்கும் வயிறு கீது, போய்ட்டேன். அவன் திருட வர்ல. வேலைக்கு வந்தான். அவ்ளோதான், நிறுத்திக்கோ. அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு அங்க நிக்குது? இங்க வாம்மா. உன்னத்தாம்மா சொன்னான்."

தட்டு அதோடு முடிகிறது.